டாக்டர்கிட்ட காட்டியாச்சா?

எங்க சபைக்கு வர்றவங்க யாரும் உடம்பு சரியில்லைன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொல்ல மாட்டாங்க. அவர்தான் பாஸ்டர். ஜெபம் பண்றதுதான் அவர் வேலையே. ஆனா தலைவலின்னு போய் நின்னாக்கூட முதல்ல, "டாக்டர்கிட்ட காட்டியாச்சா?"ன்னுதான் கேப்பார். இல்லைன்னா போச்சு, ஸ்கூட்டர் சாவியைக் கையில எடுத்துடுவார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், டோக்கன் வாங்கி, பக்கத்துலயே உட்கார்ந்திருந்து, டாக்டர் பார்த்து முடிச்ச பிறகுதான் தலையில கை வெச்சு ஜெபிப்பார். வேற சபையில எல்லாம் வியாதியைச் சொன்னா அல்லேலூயாங்கறாங்க, இவர் என்னடான்னா ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்றாரேன்னு சில பேர் எங்களை விட்டே போயிட்டாங்க. போனா போகட்டும்னுட்டார்.

சபைன்னதும் பெரிய கோபுரம், மணி எல்லாம் நினைச்சுக்காதீங்க. தி. நகர்ல, மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துல, ஒரு பாத்திரக் கடைக்கு மேல மாடி. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை ஊருக்கெல்லாம் லீவு, ரங்கநாதன் தெருவுக்கு அன்னைக்குத்தான் திருவிழா. எங்க ஆளுங்கள்ல பாதி ஜவுளிக்கடையில வேலை பார்க்கிற பொண்ணுங்க. அதனால விடியக்காலையிலயே ஆராதனையை ஆரம்பிச்சு, கீழ ஷட்டர் தூக்கற சத்தம் கேக்கறதுக்குள்ள முடிச்சுடணும். இன்னொண்ணு, எங்க சபையில பாட்டுக்கு யாரும் எழுந்து நிக்க வேணாம். நாள் பூரா கடையில நிக்கிற பிள்ளைங்க ஆண்டவர் முன்னாலயாவது உட்காரட்டும்னு இவர் சொல்லிட்டார். ஒரு பெரிய சபைப் போதகர் வந்து பார்த்துட்டு, இது என்ன ஹோட்டலான்னு கேட்டார். இவர் சிரிச்சார். எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. அந்தப் பெரிய மனுஷனுக்குச் சர்க்கரை போடாம காபி குடுத்தேன்.

ஐயாகிட்ட சொல்லப் பயந்த வியாதி எல்லாம் என் சமையக்கட்டுக்கு வரும். பெரும்பாலும் பொம்பளைங்க. வெங்காயம் உரிச்சுக் குடுக்கற சாக்குல உட்கார்ந்து, மெதுவா ஆரம்பிப்பாங்க. ஐயாவுக்குத் தெரிய வேணாம்மா, நீங்களே கொஞ்சம் எண்ணெய் வெச்சு ஜெபம் பண்ணிடுங்கம்மா. வீட்டுல ஒரு சின்ன பாட்டில்ல ஜெப எண்ணெய் இருக்கும், அவர் ஜெபிச்சு வெச்சது. அதைத் தொட்டு நெத்தியில வெச்சு ஜெபிப்பேன். அப்படியே டாக்டரையும் ஒரு எட்டு பார்த்துடுடின்னு சொல்லி அனுப்புவேன். போறவங்க போவாங்க.

பொம்பளைங்களுக்குப் பொம்பளை டாக்டர்னா இவர் திரைக்கு இந்தப் பக்கம் நின்னுக்குவார். உள்ள போறது நான். "கூட யாரு வந்திருக்கீங்க?"ன்னு நர்ஸ் குரல் குடுக்கும். நான்தான்னு எழுந்து போவேன். எத்தனை பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன், ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்லடின்னு. சொல்றது சுலபமா இருந்துச்சு.

போன ஆடி மாசம், குளிக்கும்போது வலது மார்ல கை பட்டு நின்னுச்சு. உள்ள ஒரு கட்டி. வேக வைக்காத பட்டாணி மாதிரி, அழுத்தினா நகராம. தண்ணி பாட்டுக்கு பக்கெட்ல வழிஞ்சு ஓடுது, நான் அப்படியே நிக்கிறேன்.

எங்க அக்கா இப்படித்தான் ஆரம்பிச்சா. இந்த ஊர்ல "அடையாறுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க"ன்னு சொன்னா அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, அங்க இருக்கிற கேன்சர் ஆஸ்பத்திரிதான்னு புரிஞ்சுடும். அக்காவுக்கு எழுதிக் குடுத்தாங்க. நான் கூட இருந்தேன். முடி கொட்டினதையும் பார்த்தேன், கடைசியையும் பார்த்தேன். அன்னையிலேர்ந்து அடையாறுன்னு போர்டு போட்ட பஸ் வந்தாக்கூட முகத்தைத் திருப்பிக்குவேன். அங்க எத்தனை பேர் பிழைச்சு வீட்டுக்கு வந்தாங்கன்னு எனக்கும் தெரியும். பயத்துக்குக் கணக்கு தெரியுமா?

இவர்கிட்ட சொல்லல. சொன்னா சாவியை எடுத்துடுவாரே. பெங்களூர்ல வேலை பார்க்கிற மகள்கிட்டயும் சொல்லல. போன்ல அவ எப்படிம்மா இருக்கேன்னு கேட்டா, எனக்கென்னடி குண்டுக்கல்லாட்டம் இருக்கேன்பேன். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்குவேன். சபையை நினைச்சா இன்னும் பயம். பாஸ்டரம்மாவுக்கே இப்படியா, என்ன பாவமோன்னு பேச நாலு வாய் எங்கயும் இருக்கும்.

அதனால அந்த எண்ணெயை எடுத்தேன். தினமும் கதவைச் சாத்திக்கிட்டு கட்டி மேல தடவுவேன். ஆண்டவரே, ஊருக்கெல்லாம் ஜெபிச்சேனே, எனக்குன்னு ஒண்ணு கேக்கக் கூடாதான்னு அழுவேன். சில நாள் சண்டையே போட்டேன், அவர் பதில் பேச மாட்டார்னு தெரிஞ்ச தைரியம். ஸ்கூட்டர்ல இவருக்குப் பின்னால உட்கார்ந்தா வலது பக்கம் அவர் முதுகுல படும். நடுவுல கைப்பையை வெச்சுக்க ஆரம்பிச்சேன். பையில என்ன கல்லா வெச்சிருக்கேன்னு கேட்டார். ஆமா, பைபிள்னேன். ரெண்டு மாசம் போச்சு. பட்டாணி நெல்லிக்காயாச்சு.

அப்போதான் இட்லிக்கார அக்கா வந்தா. மாம்பலம் ஸ்டேஷன் வாசல்ல இட்லிக் கடை போடறவ, எங்க சபைக்குப் பழைய ஆள். என் சமையக்கட்டுல உட்கார்ந்து, வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே, "மார்ல இன்னாவோ கட்டியாட்டம் கீதும்மா. ஐயாவாண்ட சொல்லிடாத. இட்டுக்கினு பூடுவாரு"ன்னா. எண்ணெயைத் தொட்டு அவ நெத்தியில வெச்சேன். எப்பவும் கடைசியில சொல்வேனே, டாக்டரைப் பாருடின்னு, அது வாய்க்கு வரல. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு சொல்றது? அடுத்த வாரமும் வந்தா. அதுக்கடுத்த வாரமும். ஜெபத்துல ஆமென் சொல்லும்போது எனக்கு எங்க அக்கா முகம்தான் வந்துச்சு. இவ செத்தா என்னாலதான்னு தோணுச்சு. இவர்கிட்ட ஓடிப்போய் சொன்னேன். அவளைப் பத்தி மட்டும்.

மறுநாளே மயிலாப்பூர்ல ஒரு லேடி டாக்டர். இவர் ஸ்கூட்டர்ல முன்னால போக, நாங்க ரெண்டு பேரும் ஆட்டோவுல. அவ என்னைத் திட்டிக்கிட்டே வந்தா. காட்டிக் குடுத்துட்டியேம்மான்னு. நர்ஸ் கூப்பிட்டாங்க. கூட யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு உள்ள போனேன். டாக்டர் அழுத்திப் பார்த்து, ஸ்கேனும் எடுத்துட்டு, வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒண்ணும் இல்லைன்னாங்க. அவ என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா. நான் சந்தோஷப்படணும் இல்லையா? இல்ல. வயிறு எரிஞ்சுது. எனக்கு மட்டும் ஏன்னு எரிஞ்சுது.

வெளிய வந்தவ நேரா இவர் முன்னால போய் நின்னா. எல்லாம் அம்மா வெச்ச எண்ணெய் மகிமைதான் ஐயா, கல்லாட்டம் இருந்தது கரைஞ்சு கொழுப்பாயிடுச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லப்போறேன்னா. சாட்சின்னா சபை நடுவுல எழுந்து, ஆண்டவர் எனக்கு இன்னது செஞ்சார்னு எல்லாரும் கேக்கச் சொல்றது. சொல்ல எழுந்தவங்களை எங்க ஆளுங்க யாரும் தடுக்க மாட்டாங்க, பாஸ்டரும்தான். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது முதல்லயே கொழுப்புதான்மா, டாக்டர் சொன்னதைச் சொல்லுன்னு அவகிட்ட தன்மையா சொன்னார். எங்க கேட்டா? கண்ணெல்லாம் மின்னுது அவளுக்கு.

எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. அத்தனை பொண்ணுங்களும் உட்கார்ந்து இதைக் கேக்கும். மறுநாளே என் சமையக்கட்டு வாசல்ல எண்ணெய்க்கு வரிசை நிக்கும். இனி ஒருத்தியும் இவர் பின்னால ஆஸ்பத்திரிக்கு வர மாட்டா. அதுல ஒருத்தி என்னை மாதிரி இருந்தா? சொல்லிட்டேன்.

"அதே எண்ணெயைத்தான்க்கா ரெண்டு மாசமா நானும் தடவறேன். எனக்குக் கரையல. பெரிசாயிட்டே போகுது."

இவர் என்ன சொல்றேன்னு கேட்டார். நான் கையை அங்க வெச்சுக் காட்டினேன். அந்த முகத்தை நான் அதுக்கு முன்னால பார்த்ததில்ல. எத்தனை சாவு வீட்டுல முன்னால நின்ன மனுஷன், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டார். "வா, வீட்டுக்குப் போலாம். முழங்கால்ல நின்னு ஜெபிக்கலாம், வா"ன்னார். குரலே அவரோடதா இல்ல. இவரே பயந்துட்டார்னா எனக்கு இனி யாரு இருக்கான்னு ஆயிடுச்சு. அதுலயும் பாருங்க, மனசுல ஒரு மூலையில அப்பாடான்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போயிடலாம். பையைத் தூக்கிக்கிட்டு வாசல் பக்கம் திரும்பிட்டேன்.

அந்த அக்கா நகரல. கிண்டலா கேக்கல, நெசமாத்தான் கேட்டா.

"ஐயா, டாக்டராண்ட காட்டியாச்சா?"

இவர் ஸ்கூல் பிள்ளை மாதிரி, இல்லைம்மான்னார். அப்படியே பெஞ்சில உட்கார்ந்துட்டார். டோக்கன் வாங்கப் போனது அவதான்.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நான் பயந்த மாதிரியேதான் நடந்துச்சு. அடையாறுக்கு எழுதிக் குடுத்தாங்க. அறுத்து எடுத்தாச்சு, மருந்து ஏறிக்கிட்டிருக்கு, தலையில முடி இல்ல. பொழைப்பேனான்னு கேட்டா நல்லாத்தான் போகுதுங்கறாங்க. பயம் போகல, போனதா பொய் சொல்ல மாட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை அக்கா சாட்சி சொன்னா, ஆனா எண்ணெய்ப் பேச்சே எடுக்கல.

அன்னைக்கு மயிலாப்பூர்ல என் டோக்கன் வந்தப்போ, நர்ஸ் திரையை விலக்கி, கூட யாரு வந்திருக்கீங்கன்னு எப்பவும் போல கேட்டாங்க. பழக்க தோஷம். நான் எழுந்து, நான்தான்னேன்.

"நீங்கதானேம்மா பேஷண்ட்? கூட யாரு?"

இட்லிக்கார அக்கா முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு எழுந்தா. நான்தான்னு சொல்லி என் கையைப் பிடிச்சா.