தொப்புளில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் குடல்வாலை எடுப்பதற்கு எனக்குத் தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் இரண்டு என்று துளை போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் கூமாப்பட்டி விவசாயி ஒருவர். அவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டதால் வயிற்றைக் கிழித்தே எடுத்திருந்தார்கள்.

"துளை போட்டுச் செஞ்சா, புண்ணுல சீழ் பிடிக்கிறது கிழிச்சுச் செய்யிறதைவிடக் குறைவு. ஆனா பிடிக்கவே பிடிக்காதுன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். முதல் பாதிதான் என் காதுக்குள் போனது.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கோணி தச்ச மாதிரி தச்சிருக்காவ. நமக்குக் கொசு கடிச்ச மாதிரிதான்" என்று கூமாப்பட்டிக்காரரிடம் பீற்றிவிட்டு ராஜபாளையம் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் மாத்திரைச் சூடு தாங்கவில்லை. எங்கள் வீட்டில் சூட்டுக்கு ஒரே வைத்தியம், தொப்புளில் விளக்கெண்ணெய். ஒட்டியிருந்த பிளாஸ்திரி தானாகவே கழன்றிருந்தது. தையல் தொப்புள் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. கண்ணுக்கே தெரியாதது ஒரு புண்ணா?

"ஏங்க, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்றாள் மனைவி.

"எண்ணெய் வைக்கதுக்கு டாக்டரு எதுக்குட்டி?" என்று ஊற்றினேன்.

இரண்டொரு நாளில் பனியனில் மஞ்சளாக ஈரம். முகர்ந்து பார்த்தேன். பாதி உயிர் போய்விட்டது. எனக்கு வேலையே எங்கள் ஊரில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில்தான். பால்போல வெளுத்த துணியைப் பார்சல் கட்டி அனுப்புவதோடு என் கடமை முடிந்தது. அது எதைத் துடைக்கப் போகிறது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை.

பஸ்ஸில் இரண்டு கையாலும் தொப்புளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையை எடுத்தால் குடல் எட்டிப் பார்த்துவிடும் என்று பயம். கண்டக்டர் வந்து நின்றார்.

"நான் போயிட்டேன்யா" என்றேன்.

"எந்த ஊருக்கு?" என்றார்.

ஆஸ்பத்திரியில் கூமாப்பட்டிக்காரர் தையல் பிரிக்க வந்திருந்தார். அவ்வளவு நீளப் புண்ணும் சுக்காகக் காய்ந்திருந்தது. என் தொப்புளை அழுத்தியதும் டாக்டரின் கையுறையில் சீழ்.

"வயித்தைத் திறக்கணுமா சார்?" என்றேன்.

"வேண்டாம், தோலோட நின்னிருக்கு. ஒரு தையலைப் பிரிச்சுச் சுத்தம் பண்ணிருவோம். உள்ள என்னத்த ஊத்துனீங்க?"

சொன்னேன். நர்ஸ் திரும்பி நின்றுகொண்டார். சிரிப்பு தோளில் தெரிந்தது.

டாக்டர் துணியை நாடாவாக மடித்துப் புண்ணுக்குள் திணித்தபோது அலறினேன். கூமாப்பட்டிக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி. உங்க ஊருத் துணிதான உள்ள போவுது? கொசு கடிச்சதுக்கா இம்புட்டுச் சத்தம்?"