குளிப்பாட்டியவளின் பிழை என்று எழுதினேன்

பக்கவாதத்தில் படுத்த என் மனைவியைக் கவனிக்க, மும்பை செம்பூரிலுள்ள ஓர் ஏஜென்சி தாராவிப் பெண் ஒருத்தியை எங்கள் மாதுங்கா வீட்டுக்கு அனுப்பியது. வந்த வாரமே இருவரும் தோழிகளாகிவிட்டார்கள்.

"அம்மா, இந்தக் காலத் தூக்குங்க. இல்லன்னா ஐயாவத் தூக்கச் சொல்லிருவேன்."

"அவரா? அவர் தன் டிபன் பாக்ஸையே தூக்கினதில்லேடி" என்பாள் மனைவி, கோணிய வாயால்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்க அவளுக்கு ஏக்கம். ஈரத்துணியால் துடைக்க மட்டுமே ஏஜென்சி அனுமதித்திருந்தது. அந்தப் பெண் தயங்கினாள். "நான் சொல்றேன், பண்ணு" என்றேன். குளியலறை நாற்காலியிலிருந்து எழுப்பும்போது எண்ணெய்க் கை வழுக்கி, மனைவி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பெரும் செலவு.

நான் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஏஜென்சியின் பாலிசி, அவர்கள் ஆளால் வேறு யாருக்காவது அடிபட்டால் பணம் தரும். பராமரிக்கப்படுகிறவருக்கே பராமரிப்பின்போது அடிபட்டால் தராது. அந்தப் பிரிவைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது அதில் ஓர் ஓட்டை கண்டதாக நினைத்தேன். அந்தப் பெண் தானாகவே விதியை மீறியிருந்தால், அது ஏஜென்சி தந்த பராமரிப்பே ஆகாது; பணம் கிடைத்துவிடும். அப்படியே எழுதிக் கொடுத்தேன். செய்யச் சொன்னது நான் என்பதை எழுதவில்லை.

யார் விருப்பத்தில் நடந்தாலும் குளிப்பாட்டுவது பராமரிப்புதான் என்று இன்ஷூரன்ஸிலிருந்து பதில் வந்தது. பணம் வரவில்லை. அவளுக்கு வேலை போயிற்று.

"ஏன்னா, அவ எப்ப வருவா?" என்று மனைவி தினமும் கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். புதிதாக வந்தவளுக்குத் தமிழ் தெரியாது. துடைத்துவிட்டுப் போன் பார்ப்பாள். மனைவி பேச்சையே விட்டுவிட்டாள். தாங்காமல் ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"நான் விழுந்த அன்னிக்கு அவ ஒரு வாய் சாப்டாம போயிட்டா. போனைப் போட்டுக் குடுங்கோ."

போட்டேன். "ஐயாவா? அம்மா எப்படி இருக்காவ?" என்றது குரல். மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வரச் சொன்னேன்.

"இனி எப்படிய்யா வர? பாண்டுப்புல ஒரு தாத்தாவப் பாக்கேன். அவருக்கு வேற ஆள் இல்ல. அம்மாகிட்ட குடுங்க."

மனைவியின் காதருகே போனைப் பிடித்தேன். அங்கிருந்து என்ன சொன்னாளோ, மனைவி சிரித்தாள். பல மாதங்களாக நான் கேட்காத சிரிப்பு. கை வலித்தது. எடுத்தால் நின்றுவிடுமென்று, பிடித்தபடியே நின்றேன்.