அத்தா வெட்டிய கருவை

எங்கள் ஊரில் அடக்கம் செய்கிற மையவாடிக்கு மூன்று பக்கம்தான் சுவர். நாலாவது பக்கம் சீமைக்கருவை. அதைத் தாண்டி மனுஷன் வர முடியாது, ஆடு வரும். சுவர் எதற்கு என்று ஜமாஅத்தில் விட்டுவிட்டார்கள். கருவை அங்கே நிற்கவில்லை. உள்ளேயும் வந்தது.

எனக்கு எட்டு வயதில் அம்மா மௌத்தாகிவிட்டார். வயிற்றில் கட்டி. அறந்தாங்கி ஆஸ்பத்திரியிலிருந்து புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தா சவூதியில் தோட்ட வேலையில் இருந்தார். வர முடியவில்லை. வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்று அன்றைக்கே அஸர் தொழுகைக்குள் எடுத்துவிட்டார்கள்.

எங்களில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. மையத்தைத் தூக்கிப் போகும் சந்தூக்கு தெருமுனை திரும்பும் வரை பார்ப்பார்கள். பிறகு வந்து வீட்டைக் கழுவுவார்கள். நான் மட்டும் பின்னாலேயே ஓடினேன். சுவருக்கு வெளியே ஒரு கல் கிடந்தது. அதில் ஏறி நின்று பார்த்தேன். ஆண்களின் முதுகு தெரிந்தது. ஒரு வேப்பமரம் தெரிந்தது. அந்த மரத்தடியில் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பெரியம்மா வீட்டில் இருந்தேன். அத்தாவின் அண்ணன் பெண்டாட்டி. பெரியத்தா எப்போதோ மௌத். அந்த வீட்டில் ஆம்பளை கிடையாது. தெருவிலேயே ஆம்பளைகள் குறைவு. பாதிப் பேர் வெளிநாடு.

வெள்ளிக்கிழமை அத்தாவுக்கு லீவு. அன்று பெரியம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு என்னிடம் பேசுவார். அதிகம் பேச மாட்டார். சாப்பிட்டியா என்பார். பள்ளிக்கூடம் போனியா என்பார். அம்மாவை எடுத்த மறு வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்று கூடுதலாகக் கேட்டார்.

"அம்மாவ எங்க வச்சாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்த்தா."

"பாத்து வச்சுக்கம்மா. நான் வந்தா நீதான் காட்டணும்."

சரி என்றேன். அதுவரை என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் போய் அந்தக் கல்லில் ஏறி நிற்பேன். வேப்பமரத்தடியைப் பார்ப்பேன். இறங்கி வந்துவிடுவேன். பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஏ புள்ள, எங்கிட்டுப் போயிட்டு வார? காலெல்லாம் முள்ளு."

"சும்மா."

"சும்மா போறதுக்கு ஊர்ல வேற எடமா இல்ல? பேய் புடிச்சா நான் யாரக் கூப்புட்டு ஓதிப் பாக்குறது?"

எங்கள் ஜமாஅத்தில் அடக்கிய கபுரைக் கட்டி எழுப்ப மாட்டார்கள். பெயர் எழுத மாட்டார்கள். மண்ணை மேடாக்கி, பொட்டலில் கிடக்கிற கல்லைக் கொண்டுவந்து நடுவார்கள். மீசான் கல் என்பது அதுதான். யாரும் கவனிக்காவிட்டால் மழை மேட்டைக் கரைக்கும், ஆடு கல்லைச் சாய்க்கும். யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. வேப்பமரம் சாய்ந்தது. யாரோ விறகுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். தூரையும் தோண்டிவிட்டார்கள். மழை நின்று நான் கல்லில் ஏறியபோது கருவை இடுப்பளவு வந்திருந்தது. எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை. மரம் நின்ற இடம் எது என்று தெரியவில்லை.

மோதினாரிடம் போய்க் கேட்டேன். பாங்கு சொல்கிறவர், பள்ளிவாசலைக் கூட்டுகிறவர், மையத்து விழுந்தால் முன்னே நிற்கிறவர்.

"ஒங்கம்மாவா? அந்தப் பக்கம்தான்" என்று கையை வீசினார். கை பாதி மையவாடியைத் தொட்டு வந்தது.

"சரியா எங்கங்க?"

"அது குழி வெட்டுனவருக்குத்தான் தெரியும்."

"அவரு எங்க?"

"அவரும் உள்ளதான் இருக்காரு" என்று சிரித்தார். "போன மாசம் வச்சோம். அவரு எங்கன்னும் என்கிட்டக் கேட்டுறாத."

வெள்ளிக்கிழமை அத்தா கேட்டார். "அம்மாவப் பாத்தியா?"

"பாத்தேன்."

முதல் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டியது. பிறகு ஒட்டவில்லை. வாராவாரம் சொன்னேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அத்தா நாற்பது நாள் லீவில் வந்தார். எனக்கு ஒரு கவுன் வாங்கி வந்திருந்தார். தலையே நுழையவில்லை. அவர் விமானம் ஏறியபோது நான் எந்த அளவில் இருந்தேனோ அந்த அளவுக்கு வாங்கியிருந்தார். பெரியம்மா சிரித்தார். அத்தா கவுனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் என்னை எழுப்பினார். "போவமாம்மா?"

பள்ளிவாசல் முன்னால் மோதினார் நின்றார். "பொம்பளப் புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போறீங்களா தம்பி?"

"அவதான் எடம் காட்டணும் பாய்."

மோதினார் என்னைப் பார்த்தார். நான் அவரிடம் கேட்டது அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ. "சின்னப் புள்ளதான, போங்க" என்றார்.

வெளியே இருந்து பார்க்கும்போது மையவாடி சின்னதாகத் தெரியும். உள்ளே பெரிதாக இருந்தது. நான் முன்னால் நடந்தேன். அத்தா பின்னாலிருந்து கிளைகளை வளைத்துப் பிடித்துக்கொண்டார். எந்தப் பக்கம் போவதென்று எனக்குத் தெரியவில்லை. கால் போன பக்கம் போனேன்.

"இங்கயாம்மா?"

"இன்னும் கொஞ்சம்."

அப்படி மூன்று தடவை. பிறகு ஓரிடத்தில் கருவை இல்லாமல் கொஞ்சம் வெளி இருந்தது. ஒரு கபுர். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல், இரண்டும் நேராக நின்றன. பக்கத்தில் சோத்துக்கற்றாழை செழிப்பாக இருந்தது. பார்க்க நன்றாக இருந்தது. அம்மா நல்ல இடத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது.

"இதுதான்த்தா."

அத்தா தலைமாட்டுக் கல்லைப் பார்த்தார். கால்மாட்டுக் கல்லைப் பார்த்தார். குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். நடுவில் கிடந்த சருகை ஒதுக்கினார். மண்ணுக்குள் விரலை விட்டுத் துழாவினார். ரொம்ப நேரம் துழாவினார். அம்மாவைத் தடவிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கற்றாழையைப் பார்த்தேன்.

"சரிம்மா" என்றார். இரண்டு கையையும் ஏந்தினார். நானும் ஏந்தினேன். மெதுவாக ஓதினார். அவர் அழவில்லை. அதனால் நானும் அழவில்லை.

வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாப் பாத்து வச்சிருக்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய்யும் ஞாபகம் இருந்தது. பெருமைதான் கூடுதலாக இருந்தது.

அன்று மத்தியானமே அத்தா அரிவாளைத் தீட்டினார். கவட்டைக் கம்பு ஒன்று வெட்டினார். தடித்த செருப்பைப் போட்டுக்கொண்டு மையவாடிக்குப் போய் கருவையை வெட்ட ஆரம்பித்தார். அம்மாவுக்குப் பாதை போடுகிறார், ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். காலையில் போனால் மத்தியானம் லுஹருக்கு வருவார். சாயங்காலம் போனால் இருட்டியதும் வருவார்.

பெரியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"ஏந் தம்பி, லீவுல வந்தது புள்ளையப் பாக்கவா, முள்ளு வெட்டவா? கட்டுமாவடி மீனு வாங்கி ஆக்கி வச்சா ஆறி அவிஞ்ச பெறகு வாறீங்க."

"கொஞ்சந்தான் இருக்கு மதினி."

"இதத்தான் பத்து நாளாச் சொல்றீங்க."

என்னைக் கட்டுமாவடிக்குக் கூட்டிப்போய்க் கடல் காட்டுகிறேன் என்று போனில் சொல்லியிருந்தார். நான் ஞாபகப்படுத்தினேன். நாளைக்கு என்றார். மறுநாள் அரிவாளை எடுத்தார்.

நான் சுவருக்கு வெளியே கல்லில் நின்று பார்ப்பேன். கொஞ்சம் வெட்டுவார். கவட்டையால் முள்ளை இழுத்து ஒதுக்குவார். அடியில் கபுர் தெரிந்தால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து மண்ணைத் துழாவுவார். எழுந்து அடுத்ததை வெட்டுவார். எல்லாருக்கும் செய்கிறார், எனக்குச் செய்யவில்லை என்று நினைத்தேன்.

மோதினார் ஒரு நாள் உள்ளே வந்து நின்றார்.

"தம்பி, எதுக்கு இந்தப் பாடு? ஜமாஅத்துல சொல்லி மிஷின் வச்சுத் தள்ளிருவோம். ஒரு நாள் வேல."

"மிஷின் வேணாம் பாய். கல்லெல்லாம் பேந்துரும்."

"பேந்தா என்ன? மையத்து எந்திரிச்சு வந்து எங் கல்லு எங்கன்னு கேக்கப் போவுதா?"

அத்தா அடுத்த கருவைக்கு நகர்ந்தார். வெட்டினார்.

ராத்திரி கையை நீட்டுவார். நான் ஊசியால் முள் எடுப்பேன். அந்த நேரம் மட்டும்தான் எனக்கு அவர் கிடைத்தார். ஒரு நாள் கோபத்தில் வேண்டுமென்றே ஊசியை ஆழமாகக் குத்தினேன். ரத்தம் வந்தது. அவர் கையை இழுக்கவில்லை.

லீவு முடியும்போது முக்கால்வாசி மையவாடி வெளிச்சமாகிவிட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி தெரிந்தது. ஜும்ஆவில் அத்தாவுக்கு துஆ செய்தார்களாம். ஊருக்கு உழைச்ச மனுஷன் என்றார்களாம். மோதினார் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அத்தா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பஸ் ஏறுவதற்கு முன் என்னிடம் சொன்னார். "நீ காட்டுன எடத்துக்குத் தண்ணி ஊத்தும்மா. அந்தக் கத்தாழை காயக் கூடாது."

ஊற்றினேன். பெரியவளாகும் வரைக்கும் ஊற்றினேன். அதற்குப் பிறகு உள்ளே விடவில்லை.

அத்தா இன்னும் இரண்டு தடவை லீவில் வந்தார். அதற்குள் கருவை மறுபடி வளர்ந்திருக்கும். மறுபடி வெட்டினார். மூன்றாவது தடவை அவர் வரவில்லை. நெஞ்சு வலி. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர் போனில் படம் அனுப்பினார். மணல். வரிசை வரிசையாக ஒரே மாதிரி. எது என்று நான் கேட்கவில்லை.

என்னைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே என் மாமியார் மௌத்தான அன்று என் வீட்டுக்காரர் சைக்கிளில் சாக்கு கட்டிக்கொண்டு வந்தார். சாக்கில் கல். இறக்கி வைத்தார். மூன்று இருந்தது.

"எதுக்கு மூணு?" என்று கேட்டேன்.

"பொம்பளைக்கு மூணுல்ல? தலைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு. ஆம்பளைக்குத்தான் ரெண்டு. இதுகூடவா தெரியாது ஒனக்கு?"

"எப்பிடித் தெரியும்? எங்களத்தான் உள்ள விடுறதில்லையே."

அவர் கல்லைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டைக் கழுவ வேண்டும் என்று பெண்கள் கூப்பிட்டார்கள். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் காட்டியது ஒரு ஆம்பளையின் கபுர். பார்த்த உடனே அத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நடுக்கல் புதைந்திருக்குமோ என்று எனக்காக மண்ணைத் துழாவிப் பார்த்திருக்கிறார். இல்லை என்றதும் சரிம்மா என்றார். பிறகு லீவு முழுக்கத் தனியாகத் தேடியிருக்கிறார். மூன்று கல் உள்ள ஒரு புதுக் கபுரை. கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அடுத்தடுத்த லீவிலும் வெட்டினார். அதனால் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் ஜமாஅத்தில் மிஷின் வைத்துத் தள்ளிவிட்டார்கள். நான் ஊருக்குப் போயிருந்தபோது சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். கருவை இல்லை. கற்றாழையும் இல்லை. கல்லெல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. இனி யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை.

அன்று ஊசி குத்தி ரத்தம் வந்தபோது, "வலிக்குதாத்தா?" என்று கேட்டேன். கடலுக்குக் கூட்டிப்போகாததற்குத்தான் குத்தினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"இல்லம்மா. இன்னும் இருக்கு பாரு, எடு" என்றார்.

முள்ளைத்தான் சொல்கிறார் என்று நான் பொய்யை உள்ளேயே வைத்துக்கொண்டு அடுத்த விரலைப் பிடித்தேன்.