கனகர் குடித்த தண்ணீர்

வாருங்கள், வாருங்கள். மாங்குளத்திலிருந்து இந்த வெயிலில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். வீட்டில் எல்லாரும் சுகமா? அந்த முழங்கால் வலி விட்டதா, இல்லை இன்னும் எண்ணெய்தான் பூசுகிறீர்களா? நிழலுக்குள் வந்து இருங்கள். அவசரமில்லை. என் மாட்டு வண்டில் இன்று எங்கும் போகாது. ஏன் போகாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கனகரோடு கடற்கரை முழுவதும் அளவு வேலைக்குக் கம்பு பிடித்தும் கயிறு இழுத்தும் நடந்தவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் நான் சொல்லுவேன், குறை நினைக்க வேண்டாம். தெரியாத பிள்ளைகளும் வேலியோரம் நிற்கிறார்கள்.

செய்தி எனக்குக் கருவாட்டு மூட்டையோடு வந்தது. மாங்குளம் ஸ்டேசனில் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றேன். ஸ்டேசனில் வேலை செய்கிற ஒருவன் கேட்டான், சவிரியண்ணை, உங்கடை பெட்டிக்காரர் கனகரத்தினம் வவுனியா ஆஸ்பத்திரியிலை மோசம் போயிட்டார், தெரியுமோ என்று. வயிற்றுப்புண் வெடித்ததாம். எரித்து மூன்று நாளாம். மூட்டையை இறக்கி வைக்கவும் தோன்றாமல் அதைத் தோளில் வைத்தபடியே நின்றேன். ரயில் போய்விட்டது. அந்தக் கிழமைக் கருவாடு முழுவதும் என்னோடு திரும்பி வந்தது.

ஊருக்கு வந்த நான் சும்மா இருந்திருக்கலாம். கோயில் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது, கனகர் போய்விட்டார், வயிற்றில் வருத்தமாம் என்றேன். ‘வயிறு’ என்று சொன்னது இந்த வாய்தான். மறுநாள் காலை எங்கள் துரவடியில் ஒரு குடமும் இல்லை.

அந்தத் துரவைப் பற்றிச் சொல்லவேண்டும். மணலில் ஆளுயரம் தோண்டிய கிணறு அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் தேங்கிய களப்பு, இரண்டும் உப்பு. நடுவில் அந்த இடத்தில் மட்டும் இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறும். யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பூட்டன் என்று சொல்லும். என் மாடுகளில் இடது பக்கத்து மாடு வேறு தண்ணீரில் வாய் வைக்காது. அந்த மாட்டின் குணத்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கக் கதைக்கலாம். அது கிடக்கட்டும்.

மணலைச் சோதிக்கிற பெட்டி வந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். கொழும்பு அரசாங்கக் கந்தோரிலிருந்து துரை ஜீப்பில் வந்தார். தமிழர்தான். ஆனால் எங்களோடு கதைக்கும்போது எங்கள் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு கதைப்பார். சாமான்களும் கனகரும் என் வண்டிலில் வந்தார்கள். மெலிந்த, நெடிய மனிதர். சட்டைப் பையில் ஒரு சுருட்டுத் தகரம். சுருட்டுக் குடிக்கமாட்டார். அதற்குள் இருந்தது அப்பச்சோடா. சாப்பிட்டு முடித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போடுவார். என்ன ஐயா, வயித்துக்குள்ளை அப்பம் சுடுறியளோ என்று முதல் நாளே கேட்டேன். சிறுவயதிலிருந்தே வயிறு எரியும் என்றார். கவனியுங்கள், முதல் நாள். எங்கள் துரவில் ஒரு மிடறும் குடிக்க முந்தி.

எங்கள் கரையில் மாரிக் கடல் அடித்துவிட்டுப் போனால் கறுப்பு மணல் பட்டை பட்டையாகக் கிடக்கும். நாங்கள் அதைச் சுடுமணல் என்று திட்டிக்கொண்டு நடப்போம். கொழும்பில் யாருக்கோ அது தேவைப்பட்டிருக்கிறது. அதற்குள் ஒரு சாமான் இருக்கிறது, அது தன்பாட்டில் உடைந்து உடைந்து போகிறது, உடையும்போது வெளியே வருவது பெட்டியோடு பொருத்திய குழாய்க்குள் பட்டால் ஒரு சத்தம் கேட்கும் என்று கனகர் சொல்லித் தந்தார். காதில் மாட்டுகிற கருவியை எனக்கும் தந்தார். வெள்ளை மணலில் எங்கோ ஒரு நெல் பொரிகிற மாதிரி இருந்தது. கறுப்பு மணலில் சட்டி முழுக்கப் பொரிந்தது. ஐம்பது அடிக்கு ஒரு தரம் நின்று, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சத்தம் என்று எழுதுவார். கரை முழுக்க அப்படி எழுதினார்.

சனம் விடுமா? ஒருத்தர் தன் பல்லைக் கொண்டுவந்தார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தன் கூட்டாளியையே கூட்டிவந்து, இவன்ரை நெஞ்சிலை கள்ளமிருக்கோ எண்டு வைச்சுப் பாருங்கோ என்றார். கோயில் மூப்பர் அந்தோனியார் சொரூபத்தைத் தூக்கிவந்தார். பெட்டி கிளிக், கிளிக் என்றது. மூப்பர் முழங்காலில் இருந்துவிட்டார். கனகர் சொரூபத்தை மரியாதையாக அந்தப் பக்கம் வைத்துவிட்டு வெறும் மணலிலும் குழாயைப் பிடித்துக் காட்டினார். அதே சத்தம்.

“இந்தப் பெட்டி ஒருக்காலும் வாய் மூடாது, மூப்பர். வானத்திலையிருந்தும் மண்ணிலையிருந்தும் எப்பவும் வந்துகொண்டுதான் இருக்கும். கூடவோ குறையவோ எண்டதுதான் எங்கடை வேலை.”

மூப்பருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிகிற நாள். ஞாயிற்றுக்கிழமை. துரை திருகோணமலை போகிற அவசரத்தில் இருந்தார். கனகர் கழுத்தில் தொங்கிய கந்தோர் மணிக்கூடு அன்று காலை கடல் தண்ணீரில் விழுந்து நின்றுவிட்டது. மிச்சமிருந்தது துரவு ஒன்றுதான். துரை தன் கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அழகான மணிக்கூடு. இருட்டில் இலக்கங்கள் பச்சையாக மினுங்கும் சாதி. கனகர் அதைக் கையில் கட்டி, அதே கையால் குழாயைத் துரவின் வாயில் பிடித்தார். பெட்டி பொரிந்தது. இன்னொரு தரம் பிடித்தார். பொரிந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். துரை புத்தகத்தை வாங்கித் தானே எழுதினார். இனி ஒருத்தரும் குடிக்கக்கூடாது என்றார். மறுநாளே அறிக்கை கொழும்புக்குப் போய்விட்டது.

அடுத்த கிழமை கனகரையும் பெட்டியையும் மாங்குளத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். துரை அவசரத்தில் வாங்காமல் போன மணிக்கூடு கனகர் கையில்தான் இருந்தது. மத்தியானம் ஒரு பாலை மரத்தடியில் மாடுகளை அவிழ்த்தேன். பற்றரி இருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியை மடியில் வைத்துத் திறந்தார். பெட்டி கத்தியது. அங்கே கறுப்பு மணல் ஏது? செம்மண்ணும் பாலைப் பழமும்தான். கையை எடுத்தார், அடங்கியது. கையைக் கிட்டக் கொண்டுபோனார், கத்தியது. மூன்று தரம் செய்தார். பிறகு மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்து, தூரப் போய் நிற்கச் சொன்னார். இருபது அடி தள்ளி நின்றேன். பெட்டி நெல் பொரிவது போல் ஒவ்வொன்றாகக் கிளிக் என்றது. அந்தப் பச்சைப் பூச்சிலும் கறுப்பு மணலின் சாமானுக்கு உறவான ஒன்று இருக்கிறதாம். அது அவருக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் அந்த அவசரத்தில் மறந்துபோனார்.

“சவிரி, பிழை விட்டிட்டம்,” என்றார். சோடாத் தகரத்தை எடுத்தவர் திறக்காமல் திரும்ப வைத்தார்.

மணிக்கூடு துரையுடையது, எழுதிய கை துரையுடையது. ஆனால் கனகர் அன்றும் துரைமேல் பழி போடவில்லை, பிறகும் போடவில்லை.

ஸ்டேசனில் துரை கொழும்பு ரயிலுக்கு நின்றார். கனகர் எல்லாவற்றையும் சொன்னார், என்னைச் சாட்சிக்குக் காட்டினார். துரை மணிக்கூட்டை வாங்கித் தன் கையில் கட்டினார். அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் கட்டினார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“எழுத வாசிக்கத் தெரியுமோ?”

“இல்லை, ஐயா.”

“பிறகென்ன,” என்று கனகர் பக்கம் திரும்பினார். “என்ரை மணிக்கூட்டாலை ஒரு ஊர்க் கிணத்தைப் பூட்டினன் எண்டு நானே எழுதித் தரவோ?”

ரயில் ஏறிவிட்டார். பாலை மரத்தடியில் என் காதால் கேட்டேன், கண்ணால் கண்டேன், ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஊர் அதிகாரியான விதானையார் வந்து துரவின் வாய்க்குப் பெரிய பலகை அடித்தார். பலகையில் இங்கிலீசில் எழுதியிருந்தது. எங்களில் ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. பெண்கள் காட்டோரத்துக் குளத்துக்கு நடந்தார்கள். எருமை கிடக்கிற குளம். அந்தக் கோடையில் திரேசாவின் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தது. திரேசா எங்கள் பக்கத்து வளவுக்காரி. பிள்ளைக்கு அப்போது பல் முளைத்திருந்தது. நாலாம் நாள் அடக்கம் செய்தோம்.

கனகர் கந்தோருக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதில் என் பெருவிரலையும் மையில் தோய்த்து அழுத்தினார். பதில் வரவில்லை. பெட்டியைத்தான் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். களஞ்சிய அறையில் சாமான் எண்ணும் வேலை கொடுத்தார்கள். ஓய்வு எடுக்கும்வரை அதுதான்.

அடுத்த கோடையில், கோயில் திருவிழாவுக்கு முந்திய நாள், ஒரு தகர வாளியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்டி இல்லாமல் சனத்துக்கு எதைக் காட்டுவது? துரவுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினார். விதானையார் காணாதவர் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சுருட்டுப் பற்றினார். ஊரே கூடிவிட்டது. தண்ணீர் நல்லது, பிழை மணிக்கூட்டில் என்று கனகர் சொன்னார். அண்டைக்கும் நீங்கள்தான் சொன்னனீங்கள், இண்டைக்கும் நீங்கள்தான் சொல்லுறியள், எதை நம்பிறது என்று மூப்பர் கேட்டார். அதற்குள் திரேசா முன்னுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

“அப்ப, நல்ல தண்ணியைப் பூட்டி வைச்சிட்டோ என்ரை பிள்ளைக்கு எருமைத் தண்ணி பருக்க வைச்சனீங்கள்?”

தண்ணீர் கெட்டது என்றால் பிள்ளையைப் பறிகொடுத்தது விதி. நல்லது என்றால் அது விதி இல்லை. கனகர் வாளியை இறக்கினார், அள்ளினார், அவள் முன்னால் நின்றே குடித்தார். குடித்து முடித்து அங்கேயே மணலில் இருந்தார். பின்னேரம்வரை இருந்தார். ஒருத்தரும் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. நானும்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் வருவார். சைவக்காரர், பூசைக்கு வருவதில்லை. துரவடியில் நின்று ஒரு வாளி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போவார். இரண்டாம் வருடம் கடலிலிருந்து தாகத்தோடு வந்த இரண்டு பேர் குடித்தார்கள். பிறகு என் வீட்டில். பிறகு மூப்பர், யாரும் பார்க்காத நேரத்தில். கொஞ்சம் கொஞ்சமாக ஊர் முழுக்கக் குடித்தது. திரேசா மட்டும் இத்தனை வருடமாகக் குளத்துக்கே நடக்கிறாள். ஒரு முறை நான் கேட்டேன், ஊரெல்லாம் குடிக்குது, இனி ஏன் ஐயா வாறியள் என்று.

“ஊர் குடிக்கிறது காணாது, சவிரி. அவா குடிக்கோணும்,” என்றார்.

பெட்டி வாய் மூடாது என்று சொன்ன மனிதர், தன் மனதைப் பற்றி என்னிடம் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது பாருங்கள். வயிற்றில் வருத்தம் என்று நான் சொன்ன ஒரு சொல்லில் எல்லாம் போய்விட்டது. அத்தனை வருடம் குடித்தவருக்கு என்ன நடந்தது பார்த்தீர்களா என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு வாளி குடித்தவர் அவர். தினம் குடித்தவர்கள் நாங்கள் கல்லு மாதிரி இருக்கிறோம். சோடாத் தகரத்தைப் பற்றி வீடு வீடாகச் சொன்னேன். மூப்பர் சிரிக்கிறார். அந்தோனியாருக்காகச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். துரவைத் திரும்பவும் மூடுவதாம். பலகை கூட்டுறவுச் சங்கக்கடையில் கிடக்கிறது. இரண்டு கட்டை, இரண்டு மைல் தூரம், தோளில் தூக்கிவர முடியாத பாரம். அதை ஏற்றிவர ஊரில் என் வண்டில் ஒன்றுதான் இருக்கிறது.

இன்று விடிய, கனகரின் வாளியைக் கொண்டுபோய் ஒரு வாளி குடித்தேன். பார்க்க ஒருத்தரும் இல்லை, திரேசாவைத் தவிர. குளத்துக்குப் போகிற வழியில் குடத்தோடு நின்றாள்.

“உனக்கும் வயித்துவலி வந்தால் என்ன செய்வாய்?” என்றாள்.

“வந்தால் என்ரை மனிசியின்ரை குழம்பாலைதான் வரும்.”

அவள் சிரிக்கவில்லை. குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு துரவுப் பக்கம் திரும்பினாள்.

“தண்ணி நல்லதெண்டு எனக்கு அந்த மனிசன் குடிச்ச முதல் நாளே தெரியும், சவிரி. அதாலைதான் என்னாலை குடிக்கேலாமல் கிடக்கு.”

சொல்லிவிட்டுக் குளத்துக்குப் போனாள். இதைக் கனகரிடம் போய்ச் சொல்ல எனக்கு இனி வழி இல்லை.

அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இதுதான். இந்த வாளி, அடியில் கொஞ்சம் துருக்கறள் பிடித்தது. எழுத வாசிக்கத் தெரியாதவனையும் சாட்சிக்கு அழைத்த அந்தக் குரல். இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கிட்ட வாருங்கள், மெதுவாகச் சொல்கிறேன். வண்டில் ஏன் போகாது என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? வண்டிச் சில்லு கழலாமல் அச்சில் குத்துகிற கடையாணி, இதோ, என் வேட்டி மடியில் இருக்கிறது. காலையிலிருந்து மூப்பரும் நாலு பேரும் மாட்டுக் கொட்டிலுக்குள் அதைத் தேடி வைக்கோலைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஏன் இவ்வளவு ஆறுதலாகக் கதைக்கிறேன் என்று நினைத்தீர்கள்? பொழுது சாய்ந்தால் சங்கக்கடை பூட்டிவிடும். நாளைக்கு வேறு ஏதாவது தொலையும். திருவிழா வரும்வரை இப்படியே இழுத்துவிட்டால், அன்றைக்கு ஊர் முழுக்கப் பார்க்க இந்த வாளியால் நான் அள்ளிக் குடித்து—

“சவிரி! இஞ்சை வா, உன்ரை மடியை ஒருக்கால் அவிட்டுக் காட்டு!”

மூப்பர்தான். இருங்கள், வாளியைப் பிடியுங்கள், திரேசா வந்தால் அவளிடம் இதைக் கொடுத்து—