அறிவித்தலுக்குப் பிறகு ஒரு கொரியப் பாட்டு

சிவநேசன் அண்ணை போய்விட்டார். இன்று விடியற்காலை, மோர்டனில், தன் சொந்தக் கட்டிலில்... நித்திரையில்.

மகள் கவிதாவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். உறுதிசெய்யாமல் யாருடைய மரணத்தையும் வாயில் எடுக்கக்கூடாது என்று எங்கள் வானொலியில் சட்டம் போட்டவரே அவர்தான்.

"நோவு ஒண்டும் இல்லாமல் போயிட்டார் அக்கா," என்றாள் கவிதா. அதைக் கேட்ட பிறகுதான் நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

லண்டனில் தமிழ் வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் வானொலியில் மாலை நேர மரண அறிவித்தல்களை வாசித்தவர். நான் செய்தி வாசித்து முடிய, அவர் மைக்குக்கு வருவார். அடித்தொண்டையிலிருந்து, அவசரமே இல்லாத ஒரு குரல்...

வாசிக்க முன்னர் ஒவ்வொரு வீட்டுக்கும் திருப்பி போன் எடுத்துப் பெயர்களைச் சரிபார்ப்பார். "மருமக்கள் ஒருத்தரும் விடுபடேல்லையோ? வடிவாப் பாருங்கோ."

போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்வார்: "செத்தவரின்ரை பேரைப் பிழையா வாசிச்சாலும் மன்னிப்பினம், தங்கச்சி. மருமகன்ரை பேரை விட்டா மன்னிக்க மாட்டினம்."

ஒருமுறை வேலை முடிந்து, மிட்சம் பகுதி டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடைக்குள் போனோம். "பாண் இருக்கோ?" என்று கேட்டார். அதே குரலில், ரொட்டிக்காக. அவ்வளவுதான். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா அதை அப்படியே கீழே விட்டார்.

"ஐயோ... ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, அம்மா. பாண் வாங்க வந்தனான்."

பாணோடு அவர் வெளியே போகும்வரை அந்த அம்மா நம்பவில்லை.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு காற்று மட்டும்தான் மிச்சம்... பக்கத்தில் போய்க் குனிந்தால் கேட்கும். "இனி ஆரும் என்னைக் கண்டு பயப்பட மாட்டினம்," என்று சிரித்தார்.

ரேடியேஷனுக்குக் கூட்டிப்போக ஹரோவிலிருந்து கவிதா காரில் வருவாள். காரில் அவள் போடுவது கொரியப் பாட்டுகள். ஏழு பையன்கள் சேர்ந்து பாடும் ஒரு குழு. கேட்டுக்கொண்டு வந்தவர், ஒருநாள் ஒரு குரல் வந்ததும் கையைத் தூக்கினாராம்.

"உவன் ஆர்?"

கவிதா சொல்லியிருக்கிறாள். அது பழைய பாட்டு. அதற்குப் பிறகு அவனுக்கும் தொண்டையில் ஆபரேஷன். ஒரு வருஷமாக மேடைப்பக்கம் வரவில்லை. இப்போது முதல்தடவையாகத் தனியே ஓர் ஆல்பம் செய்கிறான். குரல் திரும்பியதா என்று ஒருவருக்கும் தெரியாது.

"ஏழு பேருக்குள்ளை ஒளிக்கலாம்," என்றார் அண்ணை என்னிடம். "தனிய நிண்டா ஒளிக்கேலாது. பாப்பம்."

அன்றிலிருந்து அவருக்கு அதுதான் கவலை. சுகம் எப்படி என்று கேட்டுப் போகிறவர்களிடம், "ஆல்பத்தைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டாங்கள்" என்பார். இரண்டு தடவை தள்ளிப்போனது. டாக்டர்கள் சொன்ன காலமோ கிட்ட வந்துகொண்டிருந்தது.

"அவனுக்கு அவசரமில்லை. எனக்குத்தான்..."

ஆல்பம் பிந்திவிடுமோ என்பது எங்களுக்கு ஒரு பயம். வந்த பிறகு குரல் சரியில்லாமல் இருந்தால்... அதை நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, வந்தது. சியோலில் பின்னேரம், மோர்டனில் காலைத் தேத்தண்ணி நேரம். கவிதா ஸ்பீக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். நானும் இருந்தேன்.

முதல் பாட்டு ஒரே இரைச்சல். இரண்டாவதும் அப்படித்தான். "சத்தத்துக்குள்ளை நிக்கிறான்," என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை.

மூன்றாவதில் பியானோ மட்டும். பையன் மிகவும் தாழ்ந்த குரலில் தொடங்கினான். ஓரிடத்தில் குரல் கரகரத்துப் பிரிந்தது... நான் கவிதாவைப் பார்க்கவில்லை. பிறகு அந்தக் கரகரப்போடேயே அது மேலே ஏறியது. ஏறி, நின்றது.

அண்ணை கண்ணை மூடினார்.

"வந்திட்டுது."

கொஞ்சம் பொறுத்து, "மெஷின் போட்டு மறைக்கேல்லை. நல்ல பெடியன். திருப்பிப் போடு."

கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனைத் தேடினாள். போன் அவள் கையில்தான் இருந்தது. "மற்றப் பாட்டுகளும் கிடக்கு, அப்பா."

"அதுகள் கிடக்கட்டும்."

அடுத்த வாரம் சீடிப் பெட்டி தபாலில் வந்தது. உள்ளே பாடகனின் படம் போட்ட சின்ன அட்டை ஒன்று இருக்கும். எந்தப் படம் என்பது அதிர்ஷ்டம். இவருக்கு வந்ததில் பையன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். பஸ் பாஸ் உறைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த நர்ஸ், பேரனா என்று கேட்டாராம். ஓம் என்று தலையாட்டினாராம்.

கடைசியாக நான் போனபோது கையைக் காட்டிக் குனியச் சொன்னார். "எனக்கு வீணை போடாதையுங்கோ. இவ்வளவு வருஷம் கேட்டு அலுத்துப்போச்சு."

இன்று மாலை அவருடைய அறிவித்தலை நான்தான் வாசிக்கிறேன். முடிந்ததும் வழக்கமாகப் போகும் வீணை இசை போகாது. அந்த மூன்றாவது பாட்டுத்தான். நிர்வாகத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது... பிறகு சரி என்றுவிட்டார்கள்.

ஆகவே கேட்கிறவர்கள் ஸ்டேஷன் மாறிவிட்டது என்று நினைத்து போன் எடுக்கவேண்டாம். சரியான ஸ்டேஷன்தான். கடைசிவரை கேளுங்கள்.

மருமகனின் பெயரைக் கவிதாவிடம் சரிபார்த்துவிட்டேன், அண்ணை.

போயிட்டு வாங்கோ.