மாப்பிள்ளை விசாரிக்க ஒயின் தோட்டத்துக்குப் போனோம்

ஆடி மாதத்தில்கூட எங்கள் மன்னார்குடிப் பக்கம் ஆறு மணலாகக் கிடந்த வருடம் அது. அதற்கு அடுத்த பொங்கலுக்கு, பெங்களூரில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் என் மகள் ஊருக்கு வந்தாள். கரும்பைக் கடித்துக்கொண்டே, தன்னோடு வேலை செய்யும் ஒரு பையனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். பையன் கன்னடம். மைசூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, காவிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா ஒயின் திராட்சை பயிரிடுகிறவர்.

கன்னடம், காவிரி, ஒயின். ஒன்றொன்றாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“நீங்க வேணாம்னா நானும் வேணாம்னுடுவேம்பா. ஆனா அதுக்கப்புறம் வேற யாரையும் எனக்குப் பார்க்காதீங்க” என்றாள். சண்டை போட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். இதற்கு, பையனின் குடும்பத்தை விசாரித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கும் தெரியாமல் பையனின் ஊருக்குப் போய், டீக்கடையிலும் சலூனிலும் குடும்பத்தைப் பற்றி விசாரிப்போம். இரண்டு இடத்திலும் ஒரே பதில் வந்தால்தான் அடுத்த பேச்சு. ஆனால் மொழி தெரியாத ஊரில், அதுவும் தஞ்சாவூர்ச் சீமைக்காரன் போய் எப்படி விசாரிப்பது? மகளிடம் பேச்சுவாக்கில் கேட்டதில், அந்தக் கிராமத்தில் ஒரு சின்ன ஒயின் ஆலை இருப்பதும், வெளியூர்க்காரர்கள் தோட்டம் சுற்றிப் பார்க்க வருவதும் தெரிந்தது. ஒயின் பார்க்கும் உல்லாசப் பயணிகளாக வேஷம் கட்டுவது என்று முடிவு செய்தேன். மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கடையில பம்புசெட்டுக்கு வாஷர் விக்கிற ஆளுக்கு ஒயினா?”

திட்டம் போடுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. ஒயின் தோட்டத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேட வேண்டியது ஒயினை அல்ல, அதைத் தொடாத ஓட்டுநரை. வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு முத்துப்பேட்டைக்குத் திரும்பி, சொந்தமாக வேன் வைத்திருக்கும் பாய் என் நண்பர். டீசல் மட்டும் போட்டால் போதும் என்றார். லாட்ஜ் செலவு வேண்டாமென்று ஓசூரில் அவருடைய மச்சான் வீட்டில் தங்கினோம். சனி, ஞாயிறு கட்டணமும் கூட்டமும் அதிகம் என்பதால் புதன்கிழமை. சாப்பாட்டுக்கு மனைவி கிண்டிய புளிசாதம். ஒயின் ருசி பார்ப்பதில் இரண்டு பேருக்கு ஒரு சீட்டு. எல்லாம் சரியாகத்தான் போட்டேன். புளிசாதத்தைத் தோட்டம் பார்த்த பிறகு சாப்பிடலாம் என்றேனே, அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஓசூரைத் தாண்டிக் கர்நாடகாவுக்குள் நுழைந்ததுமே நான் சீட்டில் சரிந்து உட்கார்ந்தேன். தண்ணீர்ப் பிரச்சினையில் எங்கள் பக்கத்து வண்டி என்று தெரிந்தால் என்ன ஆகுமோ! எதிரே வந்த பள்ளிக்கூட பஸ்ஸைப் பார்த்துக்கூடத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“யாராவது கேட்டா பாண்டிச்சேரின்னு சொல்லுங்க.”

“மாப்ள, நம்பர் பிளேட்டுல தமிழ்நாடுன்னு இருக்கு. எவன் நம்புவான்?” என்றார் பாய்.

“சேறு அப்பிடலாமா?”

“உன் மூஞ்சியில அப்பிக்க. அதுதான் மன்னார்குடின்னு கத்துது.”

தோட்டத்து வாசலில், தலையில் துண்டு கட்டிய நரைமீசைக்காரர் ஒருவர் எங்களை வரவேற்றார். ஆலைக்குத் திராட்சை கொடுக்கும் விவசாயிகளில் ஒருவர், வார நாட்களில் சுற்றிக்காட்டுவதும் அவர்தான். பெங்களூர் மார்க்கெட்டில் பழகிய தமிழ் பேசினார். எந்த ஊர் என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் “பாண்டிச்சேரி!” என்று கத்தினேன். அவர் வேனை ஒருமுறை பார்த்தார். “நல்ல ஊர்” என்று மட்டும் சொன்னார்.

கொடிகள் வரிசையாக நின்றன. கருநீலக் குலைகள். மனைவி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்து, “களிமண்ணே இல்லீங்க, சரளை” என்று என் காதில் சொன்னாள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சொட்டு நீர்ப் பாசனம். ஒரு குழாய் மூட்டில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. என் கை சும்மா இருக்குமா? பையிலிருந்த டியூப் துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினேன். பாண்டிச்சேரி உல்லாசப் பயணி செய்கிற வேலையா அது? நரைமீசைக்காரர் கட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே நடந்தார்.

பிறகு கண்ணாடிக் குவளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். “வாயில வெச்சு ருசி பாத்துட்டு, இந்த வாளியில துப்பிடலாம் சார். எல்லாரும் அப்படித்தான்.”

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. கீழே சிந்திய நெல்மணியைக் கண்ணில் ஒற்றி எடுக்கிற ஊரிலிருந்து வந்திருக்கிறேன். விளைவித்த மனிதர் எதிரே நிற்கிறார். அவர் கண்ணெதிரில் அதைத் துப்புவதா? விழுங்கினேன். அடுத்ததையும் விழுங்கினேன். மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு “இருமல் மருந்து” என்று நகர்த்தியதெல்லாம் வீணாகக் கூடாதே என்று அதையும் விழுங்கினேன். வெறும் வயிறு. அதற்குமுன் எனக்குப் பழக்கமும் இல்லை. சற்று நேரத்தில் திராட்சைக் கொடிகள் எனக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தன.

தைரியம் வந்துவிட்டது. விசாரணையை நேரடியாகவே தொடங்கினேன்.

“இந்த ஊர்ல ஒரு திராட்சைக்காரர் இருக்காராமே, மகன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்குறாராம். ஆள் எப்படி?”

அவர் மீசையைத் தடவினார். “அவனா? கஞ்சன் சார். கல்யாணத்துக்கு வாங்கின பைக்கையே இன்னும் ஓட்டுறான். கோவம் வேற.”

மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தேன். “பையன்?”

“பையன் நல்லவன். அம்மா மாதிரி.”

“அந்த அப்பன் குடிப்பானோ?”

“துப்ப மாட்டான் சார், தன் தோட்டத்துப் பழமாச்சே. நீங்களே துப்பலையே!” என்றவர் சிரித்துவிட்டார். “உங்களைப் பத்தி நானும் விசாரிச்சேன் சார். உங்க கடைக்கு எதிர் டீக்கடையிலதான். அன்னைக்கே உங்களை தூரத்துல பாத்துட்டேன்.”

ஓடிவிடு என்றது மூளை. கால்கள் ஏற்கெனவே ஒயின் கட்சியில் சேர்ந்திருந்தன. மகளின் வாழ்க்கையை ஒரு வாளிக்குப் பக்கத்தில் நின்று முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

என் மனைவிதான் கேட்டாள். “என்ன சொன்னாங்க டீக்கடையில?”

“நல்ல மனுஷன்னாங்கம்மா. ஆறு வத்தினாலும் அவரு வாய் வத்தாதுன்னாங்க.”

“சரியாத்தான் விசாரிச்சிருக்கீங்க” என்றாள். பாய் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

மர நிழலில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவர் வீட்டிலிருந்து மோர் வரவழைத்தார். சாப்பிடும்போது கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் பேசினார். “என் பையன் சொன்னதும், போன ஆடிப்பெருக்கு அன்னைக்கே உங்க ஊருக்கு வந்தேன் சார். எங்களைத் தாண்டிப் போற தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு பாக்க ஒரு ஆசை. வந்தா, ஆத்துல மணல்தான். பொம்பளைங்க குடத்துல போர் தண்ணி கொண்டுவந்து மணல்ல ஊத்தி, அதுக்குச் சூடம் காட்டிக் கும்பிட்டாங்க. ஒரு அம்மா என் கையிலயும் மஞ்சக் கயிறு கட்டி, எந்த ஊருப்பான்னு கேட்டாங்க.” மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். “பயமா இருந்துச்சு. ஆந்திரான்னு சொல்லிட்டேன்.”

எனக்குப் போதை முழுவதும் அங்கேயே இறங்கிவிட்டது. மோரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “நான் பாண்டிச்சேரி, நீங்க ஆந்திரா. சம்பந்தம் சரியாத்தான் இருக்கு” என்றேன். அவர் கையை நீட்டினார். புளிசாதக் கையோடு பிடித்துக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது, பேரனும் வந்தாயிற்று. ஒயின் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், வார நாளில் போங்கள், வயிற்றில் சோற்றோடு போங்கள், குடிக்காத நண்பரோடு போங்கள் என்று சொல்வேன். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில் டீக்கடையில் நான் இன்றும் கத்தத்தான் செய்கிறேன். நிலம் காய்ந்தால் கத்தாமல் எப்படி? ஆனால் ‘அந்தப் பக்கத்துக்காரங்கதான் காரணம்’ என்று கை நீட்டும்போதெல்லாம், எங்கள் வறண்ட ஆற்றங்கரையில் கையில் மஞ்சள் கயிற்றோடு, சொந்த ஊரின் பெயரைச் சொல்லப் பயந்து நின்ற ஒரு மனிதர் கண்ணுக்குள் வந்துவிடுகிறார், நீட்டிய விரல் தானாக மடங்கிவிடுகிறது.