ஊஸ்டரிலிருந்து பாசலுக்கு, பாசலிலிருந்து பெருங்குடலுக்கு

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நான் சூரிச் மாநிலத்தில், ஊஸ்டரில் பஸ் ஓட்டுகிறேன். வேலை நாளில் மற்றவர்களை ஏற்றி இறக்குவேன். லீவு நாளில் நானே ஏறி உட்கார்ந்து எங்காவது போவேன், வந்து இங்கே எழுதுவேன். இதுவரை மலை, ஏரி, கேபிள் கார் என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை போன இடத்துக்கு ஜன்னல் கிடையாது. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே இறங்கிவிடலாம், கதவு திறந்துதான் இருக்கிறது.

2023 இலையுதிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காகப் பாசலுக்குப் போனேன். காரணம் என் அண்ணை. அவர் லுசேர்ணில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்த ஒரு ஹோட்டலில் சமையல்காரர். மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முதல் ஒரு வருடமாக மனுசன் மூலம், மூலம் என்று சொல்லிக் களிம்பு பூசிக்கொண்டிருந்தார். பாசலில் ஒரு பெரிய மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். எடுத்த கட்டியின் குணத்தைச் சோதித்து, அதற்குப் பொருந்துகிற மருந்தாகப் பார்த்துக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஆள் திரும்பவும் அடுப்படியில் நின்று எல்லோரையும் திட்டுகிறார். அவர் திட்டத் தொடங்கிய அன்றுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாங்கள் மூன்று பேர். அண்ணை, நான், கனடாவில் தம்பி. கூடப்பிறந்த ஒருவருக்கு இது வந்தால் மற்றவர்களுக்கும் வருகிற வாய்ப்பு கூடுதல் என்று டொக்டர்கள் சொன்னார்கள். அதேநேரம், இது திடீரென்று முளைக்கிற நோயில்லை. முதலில் சின்னச் சதை வளர்ச்சியாகப் பல வருடம் இருக்கும், அந்த நேரத்தில் தேடிப் பிடித்து வெட்டிவிட்டால் புற்றுநோயாக வளர விடாமல் தடுக்கலாம் என்றும் சொன்னார்கள். நான் சரி என்றேன். தம்பிக்கு அண்ணை அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் நீல அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. ஒரே ஒரு தரம், "எனக்கு ஒண்டும் இல்லை" என்று எழுதினான். அண்ணையும் களிம்பு பூசிய காலத்தில் அதையேதான் சொன்னார்.

ஊஸ்டரிலேயே செய்திருக்கலாம். ஆனால் பாசலில் அண்ணைக்கு வைத்தியம் பார்த்த இடத்தில் நோயாளிகளின் சகோதரங்களை வைத்து ஓர் ஆய்வு நடக்கிறது. டொக்டர் திரையைப் பார்க்கும்போது கூடவே ஒரு கணினியும் பார்க்கும். சந்தேகமான இடம் தெரிந்தால் அதைச் சுற்றிப் பச்சைப் பெட்டி போட்டு ஒரு சின்ன மணியும் அடிக்கும். மனிதக் கண்ணுக்குத் தப்புவதை அது பிடிக்கிறதா, அது தவறவிடுவதை மனிதர் பிடிக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. மயக்க ஊசியும் வேண்டாம் என்றேன். ஊசி போட்டால் மறுநாள் காலை பஸ் ஓட்ட விடமாட்டார்கள். அதைவிட, வழியில் பார்க்க ஏதாவது இருக்கும்போது தூங்குகிற பயணிகளைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. நானே அப்படித் தூங்கலாமா?

ஆயத்தம்தான் இந்தப் பயணத்தின் கடினமான ஏற்றம். மூன்று நாளைக்கு விதை உள்ள எதுவும் கூடாது: தக்காளி, கத்தரிக்காய், எள்ளு, தானியப் பாண் எல்லாம் தடை. முதல் நாள் தெளிந்த சூப் மட்டும். பிறகு அந்தப் பேதித் திரவம். எலுமிச்சை வாசம் போட்டிருக்கிறார்களாம். கடல் தண்ணீரில் எலுமிச்சை விழுந்தது போல இருந்தது.

துணைக்கு என்று முதல் நாளே அண்ணை லுசேர்ணிலிருந்து ஊஸ்டருக்கு வந்துவிட்டார். நான் சூப் கட்டியைச் சுடுதண்ணீரில் கரைப்பதைப் பார்த்தார். அவருடைய பரிசோதனைகளுக்கு அண்ணி இதைத்தான் கொடுத்தார் என்பது இன்றுவரை அவருடைய பெரிய மனத்தாங்கல்.

"அதக் கீழ ஊத்து பிள்ளை. ரசத்தை விடத் தெளிஞ்ச சூப் உலகத்தில இருக்கோ?"

"விதை கூடாது அண்ணை."

"நான் வடிச்சுத் தாறன். நீ போய் இரு."

உண்மையைச் சொல்ல வேண்டும், மிக அழகாக வடித்தார். மல்லி, மிளகு, உள்ளி எல்லாம் இடித்துக் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடித்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தேநீர் மாதிரித் தெளிவு. நான் நிம்மதியாகக் கழிப்பறைக்குப் போனேன். அங்கே இருக்கும்போது அடுப்படியிலிருந்து "சொய்ங்" என்று ஒரு சத்தம் கேட்டது. முப்பது வருடப் பழக்கம். வடித்த ரசத்தைத் தாளித்துவிட்டார்!

நான் ஓடி வரும்போது செத்தல் மிளகாயையும் கறிவேப்பிலையையும் கரண்டியால் பொறுக்கிக்கொண்டிருந்தார். "தாளிக்காட்டி அது ரசமோ? கடுகும் சீரகமும் அடியில நிண்டிடும். மேலாக் குடி" என்றார். மேலாகத்தான் தொடங்கினேன். ஆனால் காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறு, அண்ணையின் ரசம். குவளையைக் கீழே வைக்கும்போது அடியில் ஒன்றுமில்லை.

இனிப் பயணம். மீதித் திரவத்தைக் காலை எட்டு மணிக்குள் குடித்து முடித்துவிட்டு, பத்தரைக்குப் பிறகு வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். பரிசோதனை ஒன்றரைக்கு. ஊஸ்டரிலிருந்து சூரிச் பெரிய நிலையத்துக்கு எஸ்-பான் என்கிற புறநகர் ரயிலில் கால் மணி நேரம், அங்கிருந்து பாசலுக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். அரைக்கட்டண அட்டை இருந்தால் ஒருவழிக்கு இருபது பிராங் அளவில் வரும். வழக்கமாக நான் ஜன்னல் பக்கம் இடம் தேடுவேன். அன்றைக்குக் கழிப்பறைக்கு அருகில் தேடினேன். சூரிச்சில் மாறும்போது ஒரு தரம், ரயிலில் இரண்டு தரம். ரைன் ஓரத்துக் காடு மஞ்சளும் சிவப்புமாக நின்றது என்று அண்ணை சொன்னார். நான் பார்த்தது கழிப்பறைக் கதவில் எரியும் சிவப்பு விளக்கைத்தான்.

பாசல் நிலையத்திலிருந்து ட்ராமில் நான்கைந்து நிறுத்தம். ட்ராம் ஓட்டுநர் வளைவில் சீராக எடுத்தார். வயிறு இருந்த நிலையில் அவருக்கு மனதார நன்றி சொன்னேன்.

மருத்துவமனையில் இரண்டு டொக்டர்கள். ஒருவர் உயரமான, சிரித்த முகச் சுவிஸ் பெண்மணி, அவர்தான் பெரியவர். மற்றவர் நிவேதா, பாசலிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை, ஆய்வைப் பார்த்துக்கொள்கிறவர். முதலில் கையில் ஒரு குழாய் இரத்தம் எடுத்தார். "இது உங்களுக்கில்லை அன்ரி, பிறகு வாற ஆக்களுக்கு. ஒருநாள் இரத்தத்தை மட்டும் பாத்தே சொல்லலாமோ எண்டு தேடுறம்" என்றார். தமிழில் கதைக்கும்போது அவருக்குச் சுவிஸ் ஜெர்மன் ராகம் வருகிறது. கேட்க நன்றாக இருந்தது.

இடது பக்கம் சரிந்து படுத்தேன். திரை முகத்துக்கு நேரே இருந்தது. கமரா போகவேண்டிய தூரம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை, ஆனால் மலைப்பாதை மாதிரி வளைவுக்கு மேல் வளைவு. வளைவுகளில் நன்றாகவே வலித்தது, பொய் சொல்லமாட்டேன். போகும்போது வேகமாகப் போய்விடுகிறார்கள். கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வரும்போதுதான் மெதுவாகப் பார்க்கிறார்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக, ஈரமாக, சுத்தமாக இருந்தது. எனக்குள் இப்படி ஓர் இடமா என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

கடைசி முனையில் கமரா திரும்பியதும் மணி அடித்தது. பச்சைப் பெட்டி. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக மூன்று. பெரிய டொக்டர் கமராவைக் கிட்டக் கொண்டுபோய், இது என்ன என்று குழம்பி நின்றார். நிவேதா திரைக்குக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்ரி, நேற்று ரசம் குடிச்சனீங்களோ?"

"ஓம்."

"தாளிச்சதோ?"

ஒருவர் தன் பெருங்குடலைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது இதைவிட வெட்கம் வேறு இருக்காது என்று நினைக்கிறேன். அண்ணையின் சீரகம் ஒவ்வொன்றையும் கணினி ஆபத்து என்று பெட்டி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. நிவேதா விளக்கம் சொல்ல, பெரிய டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்தால் வலிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்சம் இறங்கி வந்ததும் திரும்பவும் மணி. சளி படிந்த ஓரிடத்தில் இரண்டு சீரகம் ஒட்டியிருந்தது. "இன்னும் சீரகம்" என்று பெரிய டொக்டர் நகரப் பார்த்தார். நிவேதா, "கழுவிப் பார்ப்போமே" என்றார். கமராவின் முனையிலிருந்து தண்ணீர் பாய்ந்தது. இரண்டு சீரகமும் வழுக்கிப் போயின. சளியும் போனது. பெட்டி மறைந்தது. பிறகு அதே இடத்தில் திரும்ப வந்து நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அங்கே எதுவுமே தெரியவில்லை. நிவேதா திரையில் விரலால் வட்டம் போட்டுக் காட்டிய பிறகுதான், சுற்றியுள்ள தோலின் அதே நிறத்தில், தட்டையாக, விரல் நகம் அளவில் ஒன்று படிந்திருப்பது தெரிந்தது. நான் மிகவும் பயந்தேன். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் கட்டிலில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த அண்ணைதான் கண்ணுக்குள் வந்தார்.

"புற்றுநோயோ?" என்று கேட்டேன்.

"பாத்தால் அப்பிடித் தெரியேல்லை அன்ரி. ஆனால் விட்டுவைக்கிற சாமானும் இல்லை. இப்பவே எடுக்கிறம்."

அதன் கீழே நீல மருந்து ஏற்றினார்கள். அது மெல்ல மேலெழுந்தது. மெல்லிய கம்பி வளையத்தை மாட்டி, இறுக்கி, வெட்டினார்கள். வலியே இல்லை. நான் கண்ணை மூடவில்லை, கடைசி வரை பார்த்தேன். இந்தத் தட்டை இனம் சளியைப் போர்த்திக்கொண்டு இருக்குமாம். அதில்தான் தூசு துரும்பெல்லாம் ஒட்டுமாம். கண்ணுக்கு மிகவும் தப்புகிறதும் இதுதானாம். பெட்டி போட்டது கணினி, கழுவச் சொன்னது நிவேதா. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது அங்கேயே இருந்திருக்கும்.

காத்திருக்கும் அறையில் அண்ணை சாப்பாட்டுப் பையை மடியில் பிடித்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"இருந்ததோ?"

"இருந்தது அண்ணை. எடுத்தாச்சு."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. என்னிடமிருந்துதான் உனக்கு வந்ததோ என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். அப்படியே விட்டால் அழுதுவிடுவார் என்று தெரிந்தது. ஆகவே சீரகக் கதையை முழுவதும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கண்ணைத் துடைத்தார்.

"மேலாக் குடி எண்டு சொன்னனானெல்லே?" என்றார்.

இலேசான சாப்பாடு சாப்பிடலாம், பாரம் மட்டும் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பாசலில் ரைன் ஆற்றைக் கடக்க மோட்டார் இல்லாத மரப் படகு இருக்கிறது. கம்பியில் கட்டி விட்டால் ஆற்றின் இழுவையே அக்கரைக்குக் கொண்டுபோய்விடும். சில பிராங்தான், தவறவிடாதீர்கள். அக்கரையில் இறங்கிப் படியில் உட்கார்ந்து பையைத் திறந்தோம். இடியப்பமும் சொதியும். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். தாளித்திருந்தார்.

ஒன்றரைக் கிழமைக்குப் பிறகு நிவேதா தொலைபேசியில் அழைத்தார். புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் சில வருடங்களில் அப்படி மாறக்கூடிய இனம். மூன்று வருடம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்.

போகிறவர்களுக்கு என் புத்திமதி: மதியத்துக்குப் பிந்திய நேரம் கேளுங்கள், காலைத் திரவத்தை வீட்டிலேயே குடித்து முடிக்கலாம். மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும். மயக்க ஊசி போடுவதென்றால் துணைக்கு ஆள் கட்டாயம், வாகனம் ஓட்டவே கூடாது. போடாவிட்டால் வளைவுகளில் நன்றாக மூச்சு விடுங்கள். கணினி இல்லாத இடத்திலும் செய்யலாம், செய்வதுதான் முக்கியம். உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்திருந்தால் கூடப்பிறந்தவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சூப் கட்டியின் சுவையைப் பற்றி எனக்கு எழுதவேண்டாம், எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் நாங்கள் மூவர் மட்டும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலும் நிவேதா அழைத்த அன்றைக்கே எழுதியிருந்தேன். நீல அடையாளம் மட்டும் விழுந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பஸ்ஸை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தால் தம்பியிடமிருந்து ஒரு வரி.

"நாளைக்கு எனக்கு. ரசம் குடிக்கலாமோ?"

நான் எழுத்தைத் தொடுவதற்குள் லுசேர்ணிலிருந்து பதில் போய்விட்டது.

"குடி. தாளிக்காத."